கேட்டா சொல்றேன்! இந்த வாரம்: ஊரைத் தூக்கி நிறுத்த வந்தவர்கள்

போன இதழில் ஒருவர், "தொண்டு நிறுவனங்களால் ஒரு கிராமமாவது உருப்பட்டிருக்கிறதா?" என்று கேட்டார். "இடமில்லை, அப்புறம்" என்று நழுவினேன். விட்டால்தானே! தபால்காரர் மூட்டையை இறக்கிவைத்து, "உங்களுக்குத் தனியா ஒரு சைக்கிள் வேணும் சார்" என்று முறைத்துவிட்டுப் போயிருக்கிறார். சரி, வரிசையில் வாருங்கள்.

கேள்வி: ஒரு ஏழைக் கிராமத்தை முன்னேற்ற எத்தனை வருடம் பிடிக்கும்? (கணக்குப்பிள்ளை, விருத்தாசலம்)

பதில்: பணம் கொடுப்பவரைக் கேட்டால் 3 வருடம் என்பார். திட்ட அறிக்கை எழுதுபவர் 5 என்பார். ஊர்க்காரரைக் கேட்டுப் பாரும். "நீங்க எத்தனாவது ஆளு சார்?" என்பார்.

கேள்வி: கிண்டல் போதும் மாமா. நிஜமாகவே தேறிய ஊர் ஒன்றைக் காட்டுங்கள். (கல்லூரி மாணவி, காரைக்குடி)

பதில்: ஜாம்கேட். மகாராஷ்டிரத்தில் அகமதுநகர் மாவட்டம்; இப்போது அகில்யாநகர் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். வானம் பார்த்த பூமி. வானம்தான் திரும்பிப் பார்ப்பதில்லை. அங்கே 1970-இல் ரஜனிகாந்த் வந்து இறங்கினார்.

விசிலை உள்ளே வை. உன் ரஜினி திரைக்கு வந்தது 1975-இல். இவர் டாக்டர் ரஜனிகாந்த் ஆரோளே. கூடவே மனைவி டாக்டர் மேபல். இரண்டு பேரும் நம்ம வேலூர் சி.எம்.சி.யில் படித்தவர்கள். அமெரிக்காவில் மேற்படிப்பு முடித்து, ஊர் திரும்பி, பழைய கால்நடை மருந்தகம் ஒன்றில் ஆஸ்பத்திரி ஆரம்பித்தார்கள்.

1971-இல் அந்த வட்டாரத்தில் 1,000 குழந்தை பிறந்தால் 176 குழந்தைக்கு முதல் பிறந்தநாள் கிடையாது. 1990-களில் அது 30-க்கும் கீழே இறங்கியது. நடுவில் 20 வருடத்துக்கு மேல் ஓடியிருக்கிறது. விருத்தாசலத்துக்காரர் குறித்துக்கொள்ளவும்.

கேள்வி: டாக்டர் வந்தார், ஊசி போட்டார், ஊர் பிழைத்தது. இதில் என்ன பெரிய அதிசயம்? (மருந்துக்கடைக்காரர், பண்ருட்டி)

பதில்: ஊசி யாரும் கேட்கவில்லை ஐயா. "என்ன வேண்டும்?" என்று கேட்டபோது ஊரார் சொன்னது இரண்டு: சோறு, தண்ணீர். 1972-இல் மகாராஷ்டிரத்தையே உலுக்கிய பஞ்சம் வேறு. ஆக, அமெரிக்கா போய்ப் படித்த டாக்டர்கள் பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்ச அடுப்பு மூட்டினார்கள், ஆழ்குழாய் இறக்கினார்கள்.

அந்தக் குழாயை எங்கே இறக்கினார்கள் என்பதில்தான் சூட்சுமம். தலித் மக்கள் குடியிருப்பில் இறக்கினார்கள். மற்ற தெருக்காரர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு அங்கே போயாக வேண்டும். தீண்டாமை ஒழிப்பு என்று மேடை போட்டிருந்தால் எழுந்து போயிருப்பார்கள். தாகத்தை விட்டு எங்கே எழுந்து போவது?

கேள்வி: எழுதப் படிக்கத் தெரியாத பெண்களை வைத்து அங்கே வைத்தியம் பார்த்தார்களாமே? விபரீதம் இல்லையா? (முதுகலைப் பட்டதாரி, பாளையங்கோட்டை)

பதில்: முதலில் உம்மைப் போலப் படித்தவர்களைத்தான் அனுப்பிப் பார்த்தார்கள். பயிற்சி பெற்ற நர்ஸ்களுக்குக் கிராமம் ஒட்டவில்லை, கிராமத்துக்கு நர்ஸ்கள் ஒட்டவில்லை. "எங்க ஊர்ப் பொம்பளை ஒருத்திக்கே சொல்லிக் கொடுங்களேன்" என்ற யோசனை ஊர்ப்பக்கத்திலிருந்து வந்தது.

ஊரே ஆளைத் தேர்ந்தெடுத்து அனுப்பியது. வந்தவர்களில் பலர் தலித் பெண்கள். பலருக்குக் கையெழுத்து என்றால் கைநாட்டுதான். வாரத்துக்கு ஒருமுறை ஜாம்கேடுக்கு வந்து கற்றுக்கொண்டு ஊர் திரும்புவார்கள். பிரசவம் பார்க்குமுன் சோப்புப் போட்டுக் கை கழுவு. தொப்புள்கொடியைக் கொதிநீரில் போட்டெடுத்த பிளேடால் அறு. பேதிக்கு உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீர் கொடு. பிள்ளையை எடை போடு. இதில் முதுகலைப் பட்டம் எந்த இடத்தில் தேவைப்படுகிறது?

கேள்வி: அந்தப் பெண்களில் யாராவது வெளியுலகத்துக்குத் தெரிந்தார்களா? (வாசகி, வந்தவாசி)

பதில்: முக்தாபாய் போல் என்று ஒருவர். 1988-இல் வாஷிங்டனில் ஒரு சுகாதார மாநாட்டில் பேசப் போனார். மண்டபத்தின் சரவிளக்கை அண்ணாந்து காட்டி, இது பளபளப்பு, விலை அதிகம், யாருக்கும் எட்டாது என்றார். கையிலிருந்த சின்ன விளக்குகளைக் காட்டி, இது எளிசு, ஆனால் ஒன்றிலிருந்து இன்னொன்றை ஏற்றலாம் என்றார். சபை எழுந்து நின்று கைதட்டியது.

பவர் கட் பிரச்சினையும் கிடையாது என்பதை அவர் பெருந்தன்மையாக விட்டுவிட்டார்.

கேள்வி: அரசாங்கம் இதை எல்லாம் கண்டுகொண்டதா? (செவிலியர், செங்கல்பட்டு)

பதில்: உலகம் முதலில் கண்டுகொண்டது. 1978 அல்மா-ஆட்டா மாநாட்டில் எல்லோருக்கும் அடிப்படைச் சுகாதாரம் என்று உலக நாடுகள் பிரகடனம் செய்தபோது, முன்மாதிரிகளில் ஒன்றாக ஜாம்கேடும் பேசப்பட்டது. 1979-இல் தம்பதிக்கு மகசேசே விருது. 2005-இல் நம் அரசு ஊருக்கு ஒரு 'ஆஷா' பணியாளர் என்று கிளம்பியது. இன்று நாடு முழுக்கச் சுமார் 10 லட்சம் பேர்.

அரசாங்கக் கணக்கில் அவர்கள் இன்னமும் 'தன்னார்வலர்கள்'. மாதச் சம்பளத்துக்குப் பதில் ஊக்கத்தொகை. தன்னார்வம் யாருடையது என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மேலைநாட்டுத் தொண்டின் உச்சக்கட்ட புத்திசாலித்தனம் எது? (குறும்பன், கும்பகோணம்)

பதில்: ராட்டினப் பம்பு! பிள்ளைகள் ஏறிச் சுற்றும் குடைராட்டினத்தை ஆழ்குழாய்ப் பம்போடு இணைத்து, விளையாடினால் தண்ணீர் ஏறும் என்றார்கள். தென்னாப்பிரிக்காவில் பிறந்த ஐடியா. 2006-இல் அமெரிக்க அதிபரின் மனைவி லாரா புஷ்ஷே மேடையேறி, 1 கோடியே 64 லட்சம் டாலர் திரளும் என்று அறிவித்தார். ஒரு பம்பு சுமார் 14,000 டாலர். 10 நாடுகளில் 4,000 பம்பு என்பது இலக்கு.

பிறகு லண்டன் 'கார்டியன்' பத்திரிகை கணக்குப் போட்டது. சொன்னபடி எல்லோருக்கும் தண்ணீர் வேண்டுமானால் பிள்ளைகள் நாளொன்றுக்கு 27 மணி நேரம் விளையாட வேண்டும்.

கடைசியில் ராட்டினத்தைக் கையால் தள்ளியது பெண்கள். முன்பு அடித்துக்கொண்டிருந்த கைப்பம்பே இதைவிடச் சுலபம் என்றும் அவர்களே சொன்னார்கள்.

கேள்வி: உங்கள் சொந்த ஊருக்கு யாரும் உதவ வரவில்லையா? (நக்கல் நண்பன், நத்தம்)

பதில்: வந்தார்களே! ஊரணிக் கரையில் ஒரு குடிநீர்த் தொட்டி கட்டினார்கள். அமைப்பின் பெயர் வேண்டாம். திறப்பு விழாவுக்கு வாழைமரம், நாகஸ்வரம், கலர் சோடா எல்லாம் உண்டு. நானே இரண்டு சோடா குடித்தேன். மூன்றாம் மாதம் மோட்டார் புகைந்தது. யார் பழுது பார்ப்பது, யார் காசு போடுவது என்று யாரும் யாரிடமும் பேசி வைக்கவில்லை.

இப்போது குழாயில் ஒரு வெள்ளாடு கட்டியிருக்கிறது. தொட்டி மேல் வடகம் காய்கிறது. கறுப்புக் கிரானைட் கல்வெட்டில் மட்டும் ஒரு கீறல் கிடையாது. 11 பெயர், அத்தனையும் தங்க எழுத்து. மொத்தத் திட்டத்தில் தரமாகக் கட்டியது அது ஒன்றைத்தான்.

கேள்வி: மீனைக் கொடுக்காதே, மீன் பிடிக்கக் கற்றுக்கொடு என்கிறார்களே? (பயிற்சியாளர், பட்டுக்கோட்டை)

பதில்: மீன் பிடிக்க அவனுக்கு நன்றாகவே தெரியும் தம்பி. கண்மாயை ஏலம் எடுத்திருப்பவர் யார் என்று கேட்டாயா?

உன் பக்கத்து ஜில்லாவிலேயே பதில் இருக்கிறது. 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். கூலி கேட்டவர்களின் குடும்பங்கள். அதன்பின் அந்தப் பகுதிக்கு வந்த கிருஷ்ணம்மாளும் கணவர் ஜெகந்நாதனும் திரும்பிப் போகவே இல்லை. 1981-இல் 'லாஃப்டி' என்று அமைப்புக் கண்டார்கள். மிராசுதாரிடம் உட்கார்ந்து விலை பேசுவது, வங்கிக் கடனுக்கு அலைவது, நிலத்தைக் கூலிக்குடும்பத்துக்குப் பதிவு செய்வது. இப்படி ஆயிரக்கணக்கான ஏக்கர் கைமாறியது.

பட்டா பெண்கள் பெயரில். ஏன் என்று கேட்பவர்கள், சாராயக்கடை வாசலில் அடகுக்குப் போன ஆண்கள் பெயர்ப் பட்டாக்களை எண்ணிவிட்டு வரவும்.

கேள்வி: எவ்வளவு சொல்லிக் கொடுத்தாலும் மறந்துவிடுகிறார்களே! (ஆசிரியை, அரியலூர்)

பதில்: டீச்சர், வங்கதேசத்தில் 'பிராக்' என்றொரு அமைப்பு. 1980-இல் தொடங்கி 10 வருடம் வீடு வீடாகப் போய்த் தாய்மார்களுக்கு ஒரே ஒரு பாடம் நடத்தியது: மூன்று விரல் சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை லிட்டரை ஒட்டிய தண்ணீர். பேதி கண்ட பிள்ளையைக் காக்கும் கரைசல். பணம் வெளிநாட்டு நன்கொடை, வெல்லம் அவரவர் அடுக்களை.

எத்தனை வீட்டுக்குப் போனோம் என்பதற்குச் சம்பளம் கிடையாது. ஒரு மாதம் கழித்து வேறொருவர் திடீரென்று சில வீடுகளுக்குப் போவார். அந்தத் தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ, அவள் கரைத்துக் காட்டுவது எவ்வளவு சரியோ, அதை வைத்துத்தான் சொல்லிக்கொடுத்தவருக்குக் கூலி! 1 கோடியே 20 லட்சம் வீடுகளுக்கு மேல் இப்படிப் போனார்கள்.

இந்த முறை அரியலூருக்கு வந்தால் உங்கள் சங்கம் கொடி பிடிக்குமா, இல்லையா?

கேள்வி: ஏசி காரில் வந்து ஏழ்மை பற்றிப் பேசுகிறார்களே? (கோபக்காரர், கோவில்பட்டி)

பதில்: ஏசி தப்பில்லை. எஞ்சினை அணைக்காமல் பேசுவதுதான் தப்பு.

கேள்வி: வெளிநாட்டான் காசில் நம் கிராமம் முன்னேறுவது மானக்கேடு. (தேசபக்தர், தென்காசி)

பதில்: கேள்வியே இல்லையே, தீர்ப்பாக இருக்கிறது! இருந்தாலும் ஒரு கதை கேளும்.

1937. ஸ்பெயினில் உள்நாட்டுப் போர், அநாதைப் பிள்ளைகள் தெருவில். ஜான் லாங்டன்-டேவிஸ் என்ற ஆங்கிலப் பத்திரிகையாளர் ஒரு வழி சொன்னார்: தூரத்தில் இருக்கும் ஒரு குடும்பம், ஒரு பிள்ளையைப் பெயர் தெரிந்து தத்தெடுத்து மாதாமாதம் பணம் அனுப்பட்டும். இன்றைய 'பிளான்' அமைப்பின் பிறப்பு அது.

அதே போரில் பையனாக இருந்தபோதே துப்பாக்கி தூக்க வைக்கப்பட்டவர் வின்சென்ட் ஃபெரர். பிறகு ஏசு சபையில் சேர்ந்து இந்தியா வந்தார். மகாராஷ்டிரத்தில் ஏழை விவசாயிகளுக்குக் கிணறு வெட்ட உதவினார், பெரிய மனிதர்களுக்குப் பொறுக்கவில்லை, 1968-இல் வெளியேற்றப்பட்டார். விவசாயிகள் ஆயிரக்கணக்கில் திரண்டு ஊர்வலம் போனார்கள். இந்திரா காந்தி தலையிட, 1969-இல் திரும்பி வந்து அனந்தபூரில் உட்கார்ந்தார். மழையில்லாத ஊருக்கு உதாரணம் கேட்டால் ஜெய்சல்மேருக்கு அடுத்து வாயில் வரும் பெயர் அது. பாதிரியார் அங்கியைக் கழற்றினார், ஆங்கிலப் பத்திரிகையாளர் ஆன் பெர்ரியை மணந்தார், 2009-இல் சாகும்வரை 40 வருடம் அங்கேயே கிடந்தார்.

அனந்தபூர்ப் பிள்ளைகளுக்கு மாதாமாதம் பணம் அனுப்பியது யார் தெரியுமா? ஸ்பெயின் குடும்பங்கள். வாங்கின கடன் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறது ஐயா. மானம் எங்கேயும் போகவில்லை.

கேள்வி: ஒரு ஆடு வாங்கிக் கொடுத்தால் வறுமை போய்விடுமா? (இல்லத்தரசி, இலுப்பூர்)

பதில்: ஆட்டை மட்டும் கொடுத்தால் அடுத்த தீபாவளிக்குக் குழம்பு. ஆட்டோடு கொஞ்ச நாளுக்குச் சாப்பாட்டுச் செலவு, வளர்க்கப் பயிற்சி, சேமிப்புப் பழக்கம், வாராவாரம் "என்னம்மா, ஆடு எப்படி?" என்று கேட்க ஒரு ஆள், இத்தனையும் 2 வருடம் சேர்ந்தால் கதை வேறு. இதுவும் பிராக் கண்டுபிடித்த சூத்திரம்தான். இந்தியா, பாகிஸ்தான், எத்தியோப்பியா உட்பட 6 நாடுகளில் 10,000-க்கும் மேற்பட்ட குடும்பங்களில் சோதித்து 2015-இல் முடிவை வெளியிட்டார்கள். மேற்கு வங்கத்தில் 10 வருடம் கழித்துப் போய்ப் பார்த்தபோதும் பலன் அப்படியே நின்றது.

மருமகள் தேறவும் இதே வழிதான் என்கிறார் என் மனைவி. நான் வாயைத் திறக்கவில்லை.

கேள்வி: பணத்தைக் கொட்டினால் எந்தக் கிராமமும் மாறிவிடாதா? (ரியல் எஸ்டேட் அதிபர், ஒரகடம்)

பதில்: ஜெஃப்ரி சாக்ஸ் என்ற அமெரிக்கப் பொருளாதார மேதை கொட்டிப் பார்த்தார். கென்யாவின் சௌரியில் தொடங்கி ஆப்பிரிக்காவில் 'மில்லேனியம் கிராமங்கள்', தலைக்கு வருடத்துக்குச் சுமார் 120 டாலர், 2015 வரை. நல்லது நடந்தது, மறுக்கவில்லை. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பக்கத்து ஊரை ஆரம்பத்திலேயே குறித்துவைக்க மறந்துவிட்டார்கள். பணம் போகாத ஊர்களும் அந்தக் காலத்தில் முன்னேறிக்கொண்டிருந்தன. எது திட்டத்தால் வந்தது, எது தானாக வந்தது என்று சண்டை இன்னும் ஓயவில்லை.

கேள்வி: நல்லது செய்யப்போய்க் கெடுதல் ஆனதுண்டா? (ஓய்வு பெற்ற பொறியாளர், ஓசூர்)

பதில்: உண்டு. இதில் நக்கல் வராது. வங்கதேசத்தில் குளத்துத் தண்ணீர் குடித்துப் பிள்ளைகள் பேதியில் செத்தார்கள். 1970-கள் முதல் அரசும் யுனிசெஃபும் சேர்ந்து குழாய்க் கிணறுகளை இறக்கின. பேதி குறைந்தது. 1993-இல் சோதித்தபோது தண்ணீரில் ஆர்செனிக். அதுவரை யாரும் அதற்காகச் சோதிக்கவில்லை. வரலாற்றிலேயே மிகப் பெரிய கூட்ட நஞ்சூட்டல் என்று உலக சுகாதார நிறுவனத்தின் இதழ் எழுதியது. பிறகு ஊர் ஊராகப் போய், கெட்ட குழாய்க்குச் சிவப்பு, நல்ல குழாய்க்குப் பச்சை என்று வர்ணம் அடித்தார்கள்.

கேள்வி: ராஜஸ்தானில் ஒரு கல்லூரி, ஆண்கள் வேண்டாம் என்கிறதாமே? ஆண்களுக்கு உரிமை இல்லையா? (பாதிக்கப்பட்டவன், பரமக்குடி)

பதில்: திலோனியா. பங்கர் ராய் 1972-இல் ஆரம்பித்தது. எழுத்தறியாத பாட்டிமாருக்கு 6 மாதத்தில் சூரிய விளக்கு பொருத்தச் சொல்லித் தருகிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்தெல்லாம் வந்து கற்றுப்போயிருக்கிறார்கள். சான்றிதழும் கிடையாது. ஆணுக்குச் சான்றிதழ் கொடுத்தால் மறுநாளே பட்டணத்துக்கு பஸ் ஏறிவிடுவான். பாட்டி எங்கே போவாள்? பேரன் அங்கே அல்லவா இருக்கிறான்!

கேள்வி: கல்லூரி நாட்டு நலப்பணித் திட்டத்தில் மரம் நட்டோம். அதுவும் வளர்ச்சிப்பணிதானே? (மாணவன், மன்னார்குடி)

பதில்: வருடா வருடம் அதே குழியில்தானே மாப்ளே? குழிக்கு நல்ல அனுபவம் வந்திருக்கும்.

கேள்வி: நிர்வாகச் செலவே பாதியை விழுங்குகிறதாமே? (ஆடிட்டர், ஈரோடு)

பதில்: வெளிநாட்டு நன்கொடையில் நிர்வாகத்துக்கு 50 சதவீதம் வரை செலவிடலாம் என்றிருந்ததை 2020 சட்டத்திருத்தம் 20 ஆக்கிவிட்டது. கூடவே, வாங்கிய பணத்தை இன்னொரு சின்ன அமைப்புக்குக் கைமாற்றவும் தடை. பெரிய கறையானுக்கு வைத்த மருந்து சின்னச் செடியையும் சேர்த்து வாட்டியதுதான் மிச்சம். ஆமாம், உங்கள் தணிக்கைக் கட்டணம் எந்தத் தலைப்பில் வருகிறது?

கேள்வி: கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதம் தர வேண்டுமே? (பங்குச்சந்தைப் பிரியர், பல்லடம்)

பதில்: 2013 கம்பெனிச் சட்டம், 135-ஆம் பிரிவு. குறிப்பிட்ட அளவுக்கு மேல் பெரிய கம்பெனிகளுக்கு மட்டும். கடந்த 3 வருட சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதம். நல்ல சட்டம்தான். என்ன, தொழிற்சாலை இருக்கும் ஊரில் ஒரே பள்ளிக்கூடச் சுவருக்கு நாலு கம்பெனி வர்ணம் அடிக்கும். ரோடே போகாத மலையூருக்கு அந்த 2 சதவீதத்துக்கு வழி தெரியாது.

கேள்வி: அப்படி வழி தெரிந்து போனவர்கள் நம் தமிழ்நாட்டில் இல்லையா? (மலைவாசி, மானாமதுரை)

பதில்: மானாமதுரையில் ஏது ஐயா மலை! தருமபுரி மாவட்டம் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு. டாக்டர் ரெஜி, டாக்டர் லலிதா தம்பதி. காந்திகிராம மருத்துவமனையில் வேலை பார்த்துவிட்டு 1990-களின் தொடக்கத்தில் அங்கே குடியேறினார்கள். நண்பர்கள் திரட்டிய பணத்தில் கூரைக் குடிசை ஆஸ்பத்திரி. அப்போது 1,000 பிறப்புக்கு 147 சிசு மரணம். பிறகு அது இருபதை ஒட்டி வந்தது. பழங்குடிப் பெண்களே அங்கே நர்ஸ்.

ஆஸ்பத்திரியோடு நிற்கவில்லை. ரசாயனம் இல்லாத விவசாயத்துக்கு ஒரு சங்கம். பாட்டிமாரோடு மறைந்துபோக இருந்த லம்பாடி பூத்தையலுக்கு 'போர்கை' என்று ஒரு கூட்டுறவு. அவர்கள் மொழியில் பெருமை என்று பொருள்.

கேள்வி: தருமத்துக்கும் வளர்ச்சிக்கும் என்ன வேற்றுமை? (தமிழாசிரியர், திருவையாறு)

பதில்: ஈகைக்கு 23-ஆம் அதிகாரம். அதற்கு முன்னாலேயே 22-இல் ஒப்புரவு. வள்ளுவர் வரிசை தெரியாமல் வைத்திருப்பாரா புலவரே?

கேள்வி: ஆரோளே தம்பதிக்குப் பிறகு ஜாம்கேட் என்ன ஆயிற்று? தலைவர் போனால் கடையைக் கட்டிவிடுவார்களே? (சந்தேகப் பிராணி, சங்கரன்கோவில்)

பதில்: மேபல் 1999-இல் காலமானார். ரஜனிகாந்த் 2011-இல். ஆஸ்பத்திரி திறந்தே இருக்கிறது. இந்த நிமிடம்கூட ஏதோ ஒரு கிராமத்தில் ஒரு பெண் பிள்ளையை எடை போட்டுக்கொண்டிருப்பாள். அவளுக்கு யாருடைய இரங்கல் கூட்டமும் விடுமுறை இல்லை.

கேள்வி: மாமா, முதல் சம்பளம் வாங்கியிருக்கிறேன். தொண்டுக்கு 500 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். யாருக்குக் கொடுக்கலாம்? (இளைஞன், இராஜபாளையம்)

பதில்: நன்றாயிரு மாப்ளே. உனக்குத் தெரிந்த ஊரில், 10 வருடத்துக்குக் குறையாமல் ஒரே இடத்தில் கிடப்பவராகப் பார். போய் ஒரு நாள் உட்கார். ஊர்க்காரர்கள் அவரிடம் சண்டை போடுகிறார்களா என்று கவனி. போட்டால் நல்ல சகுனம், கும்பிட்டுக்கொண்டே இருந்தால் திரும்பி வந்துவிடு. பிடித்திருந்தால் 500-ஐக் கொடு. ரசீது கேள், கல்வெட்டில் பெயர் கேட்காதே.

அடுத்த மாதமும் அவருக்கே கொடு.